ஹாஸ்டல் கல்லின் உயரம்

வாத்தியார்னு என் மூஞ்சியில எழுதி ஒட்டியிருக்கா அண்ணாச்சி? கரெக்டா கேட்டுட்டீங்க. வாத்தியார்தான். இன்ஜினியரிங் காலேஜ், சிவில் டிபார்ட்மென்ட். சர்வே பாடம். இருபத்திரண்டு வருஷமா அதே பாடம். பேரு தளவாய். ராஜபாளையத்துல தங்கச்சி வீட்டுக்குப் போறேன். விசேஷம் எல்லாம் ஒண்ணும் கிடையாது. நாலு நாள் நிம்மதியா இருக்கலாம்னு போறேன். அந்தக் காலேஜ்ல இருந்தா நிம்மதி எங்க இருக்கு?

என்ன சொன்னீங்க, உங்க மக பிளஸ் டூ முடிச்சிருக்காளா? சிவில்தான் வேணும்னு நிக்காளா? நல்லாப் படிக்கட்டும். ஆனா எங்க காலேஜ் மட்டும் வேண்டாம். மனசுல இருக்கதைச் சொல்லிருதேன். பஸ் இன்னும் மானூரே வரலை, நேரம் கிடக்கு, கேளுங்க. கேட்டுட்டு நீங்களே நியாயத்தைச் சொல்லுங்க.

எல்லாம் அந்த ஜெசிந்தா மேடம் வந்ததுல இருந்து. போன வருஷம் ஜூன்ல சேந்தாங்க. முப்பத்தி ரெண்டு வயசு, டாக்டர் பட்டம், வாயைத் திறந்தா நிறுத்த மாட்டாங்க. முதல் மீட்டிங்லயே, நான் டீயைக் கூடக் குடிச்சு முடிக்கலை, "சார், இந்த வருஷம் சர்வே கேம்ப்பை டேப்லெட் வச்சு நடத்தலாம்"ங்காங்க. புக்கு சைஸுக்கு இருக்கும்லா, பெரிய செல்போன், அது. பிரின்சிபாலுக்கு உடனே பல்லெல்லாம் தெரியுது. காலேஜைச் சோதிக்கக் கமிட்டி வந்தா காட்டலாமாம். கமிட்டிக்குக் காட்டவா கேம்ப் நடத்துதோம்? நான் மிச்ச டீயைக் குடிச்சேன். வேண்டாம்னு சொல்லியிருந்தா பழைய பஞ்சாங்கம்னு பேரு வைப்பாங்க. எனக்கு செல்போன் பிடிக்காதுன்னு நினைக்காதீங்க, நானும் வாட்சப் எல்லாம் பாக்கிறவன்தான். பாடத்துக்கு எதுக்குங்கேன்?

உங்களுக்கு விளங்குத மாதிரி சொல்லுதேன். இங்க ஒரு இடம், அரை மைல் தள்ளி ஒரு இடம். ரெண்டுல எது மேடு, எது பள்ளம்னு கண்ணு சொல்லாது. அதுக்குத்தான் லெவல் கருவி. மூணு கால் ஸ்டாண்டு, மேல ஒரு குழாய், அவ்வளவுதான். எதிர்ல ஒருத்தன் ஸ்டாஃப் பிடிப்பான், ஸ்டாஃப்னா நாலு மீட்டர் அளவுகோல். குழாய் வழியா நம்பரைப் படிக்கணும், நோட்டுல எழுதணும், கருவியைத் தூக்கிட்டு நகரணும், மறுபடி படிக்கணும். கடைசியில கூட்டிக் கழிச்சா மேடு பள்ளம் வந்துரும்.

எங்க காலேஜ்ல ரெண்டு கல்லு உண்டு. மெயின் கேட் பக்கத்துல ஒண்ணு, லேடீஸ் ஹாஸ்டலுக்குப் பின்னாடி ஒண்ணு. கடல் மட்டத்துல இருந்து எத்தனை உயரம்னு ரயில்வே ஸ்டேஷன் போர்டுல போட்டிருப்பாங்கல்லா, அதே மாதிரி கல்லு மேல பெயிண்ட்ல இருக்கும். கேட் கல்லு 62.50 மீட்டர். ஹாஸ்டல் கல்லு 62.80. அப்ப ஹாஸ்டல் முப்பது சென்டிமீட்டர் மேடு. எழுதினது யாரு? நான்தான். பதினோரு வருஷம் முன்னாடி, இந்தக் கையாலதான் எழுதினேன்.

முறைப்படி போகும்போது ஒருக்கா, வரும்போது ஒருக்கா அளக்கணும். ரெண்டும் ஒத்துப்போனாத்தான் அளவு சரி. அன்னிக்குச் சித்திரை வெயிலு அண்ணாச்சி. ஸ்டாஃப் பிடிச்ச வாட்ச்மேன் தள்ளாடுதாரு. போறதை அளந்தாச்சு. வாறதை ரூம்ல ஃபேனுக்குக் கீழ உக்காந்து எழுதிட்டேன். போனதையே கொஞ்சம் முன்னப்பின்ன மாத்திப் போட்டா வாறது வந்துரும்லா? ஏன் அப்படிப் பாக்கீங்க? எல்லாரும் செய்யுததுதான். எனக்குச் சொல்லித் தந்தவரும் அப்படித்தான் செஞ்சாரு. அதுக்குப் பேரு தப்பு இல்ல, அட்ஜஸ்ட்மென்ட்.

சரியா இருந்துச்சா இல்லையா? அதைக் கேளுங்க. வருஷா வருஷம் கேம்ப்ல பசங்க கேட் கல்லுல ஆரம்பிச்சு ஹாஸ்டல் கல்லு வரைக்கும் அளப்பாங்க. பதினோரு வருஷம், அறுநூறு பசங்க. ஒருத்தனுக்காவது தப்பா வந்திருக்கா? வரவே இல்லை! 62.80, சுத்தமா வரும். சில வருஷம் ஒரு மில்லிமீட்டர் கூட விலகாது. சீனியர் பசங்க விடையைச் சொல்லிக் குடுத்துருதாங்க, இவங்க அதுக்குத் தக்கன எழுதுதாங்கன்னு ஜெசிந்தா மேடம் சொல்லுதாங்க. சொல்லிக் குடுக்கதுக்கு அதுல என்ன ரகசியம் இருக்கு? கல்லுலயே எழுதியிருக்கு! விடை தெரிஞ்சா பிள்ளைங்க கவனமா செய்வாங்க.

இப்ப டேப்லெட் வந்துட்டுதா? ஒவ்வொரு ரீடிங்குக்கும் அதைக் குழாய்ல ஒட்டிப் பிடிச்சு ஃபோட்டோ எடுக்கணும். ஃபோட்டோல நம்பர் இருக்கும், மணி இருக்கும், எங்க நின்னு எடுத்தான்னு இடமும் இருக்கும். ஒரு தடவை ஏத்திட்டா அழிக்க முடியாது, திருத்த முடியாது. கூட்டல் கழித்தல் எல்லாத்தையும் அதுவே செஞ்சு கடைசியில விடையைக் காட்டும். இது பாடமா, போலீஸ் வேலையா? பிள்ளைங்களை நம்ப வேண்டாமா? நான் அறுநூறு பேரை நம்பினவன். ஒருத்தன் நோட்டைக்கூட நான் திருப்பிப் பாத்தது கிடையாது.

ஜனவரியில கேம்ப். முதல் நாள் சாயங்காலம் அந்த அம்மா டேப்லெட்டை எடுத்துக்கிட்டு என் ரூமுக்கு வாறாங்க. "சார், பன்னெண்டு குரூப்புக்கும் ஹாஸ்டல் கல்லு 62.40 தான் வருது. ஒண்ணு ரெண்டு குரூப்புக்கு 62.39. நாப்பது சென்டிமீட்டர் குறையுது சார்."

அதாவது ஹாஸ்டல் மேடு இல்ல, கேட்டை விட பத்து சென்டிமீட்டர் பள்ளமாம். எப்படி இருக்கு? நான் கேட்டேன், "பன்னெண்டு குரூப்பும் எப்படிம்மா ஒரே தப்பைச் செய்வான்? காப்பியடிச்சிருக்கான்." அந்த அம்மா டேப்லெட்டை என் பக்கம் திருப்புதாங்க. "பன்னெண்டு குரூப்பும் வேற வேற வழியாப் போனாங்க சார், மேப்புல கோடு இருக்கு, பாருங்க." நான் பாக்கலை. எனக்கு எதுக்கு மேப்பு? நான் போட்ட கல்லு எனக்குத் தெரியாதா?

மறுநாள் எல்லாரையும் நிப்பாட்டிட்டேன். "டேப்லெட் கிடக்கட்டும். மார்க் போடுதது நான். நோட்டுல கையால எழுதிக் கொண்டாங்க. 62.80 வரணும்." அவ்வளவுதான். பதினோரு குரூப் எழுதிக் கொண்டு வந்துட்டாங்க. நல்ல பிள்ளைங்க. வாழ்க்கையில முன்னுக்கு வந்துருவாங்க. பன்னெண்டாவது குரூப்புக்குத் தலைவி ஒருத்தி. முப்புடாதின்னு பேரு. ஆலங்குளம் பக்கம், அம்மா பீடி சுத்துதாங்க. மத்த மூணு பேரும் எழுதலாம்னுதான் சொன்னாங்களாம், இவதான் விடலை. நோட்டைத் தூக்கிட்டு வந்து நிக்கா.

"சார், இந்த நாப்பது சென்டிமீட்டரை எந்த ரீடிங்ல சேக்கணும்?"

"எதுலயாவது சேரு. பதினாலு ரீடிங் இருக்கு, ஒவ்வொண்ணுலயும் கொஞ்சம் கொஞ்சமா பிரிச்சுப் போடு."

"ஃபோட்டோல வேற இருக்கே சார்."

"ஃபோட்டோவை யாரு பாக்கப் போறா?"

"நான் பாத்துட்டேனே சார்."

கொழுப்பைப் பாத்தியளா? நான் பாத்துட்டேனேங்கா! அதோட விட்டாளா? "சார், ஐப்பசி மழைக்கு எங்க ஹாஸ்டல் கீழ்த்தளத்துல முழங்கால் தண்ணி நிக்குது. போன வருஷம் எங்க ரூம்ல எல்லாருக்கும் சேத்துப்புண்ணு. ஹாஸ்டல் மேடா இருந்தா, மழைத்தண்ணி வடியக் கட்டின வாறுகால் தண்ணி கேட்டுப் பக்கம் ஓடாம எங்க ரூமுக்கு ஏன் சார் வருது?" நான் கேக்கேன், சேத்துப்புண்ணுக்கும் சர்வே மார்க்குக்கும் என்ன சம்பந்தம்? சம்பந்தம் உண்டா? நீங்க சொல்லுங்க!

வாறுகால் கட்டின கொத்தனார் சரியில்லை, அது காலேஜுக்கே தெரியும். நான் குடுத்த மட்டத்தை வச்சுத்தான் கட்டினான். கட்டி முடிச்ச முதல் மழைக்கே தண்ணி திரும்பி வந்துட்டுது. "நீங்க சொன்ன மட்டத்துக்குத்தான் ஐயா கட்டினேன், நூல் பிடிச்சுக் கட்டினேன்"னு வந்து அழுதான். வேலை தெரியாதவன் எல்லாம் அப்படித்தான் சொல்லுவான். இனிமே அவனை உள்ள விடக் கூடாதுன்னு நானே கைப்பட எழுதிக் குடுத்தேன். ஒரு காலேஜுக்கு நாம விசுவாசமா இருக்கணும்லா?

மானூர் வந்துட்டு. இறங்குதவங்க இறங்கட்டும், நீங்க காலை எடுத்துக்கிடுங்க.

அந்தப் பிள்ளைக்கு நூத்துக்கு முப்பத்தொண்ணு போட்டேன். ஃபெயில். அம்பது எடுத்தாத்தான் பாஸ். மத்த மூணு பேரும் தனியா எழுதிக் குடுத்துட்டாங்க, அவங்களுக்கும் அந்தப் பதினோரு குரூப்புக்கும் எழுபத்தஞ்சு. இவளுக்குச் சென்னையில ரோடு சர்வே எடுக்கிற கம்பெனியில வேலை கிடைச்சிருக்காம். ஜூலை ஒண்ணாந்தேதி சேரணும், எல்லாப் பாடமும் பாஸாகி இருக்கணும். அது எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் போட்டேன்னு ஜெசிந்தா மேடம் சொல்லுதாங்க. தெரியாம ஒருத்தன் மார்க் போடுவானா? அவ திருந்தணும்னுதான் போட்டேன். நாளைக்கு அந்தக் கம்பெனியில மேனேஜர்கிட்டயும் நான் பாத்துட்டேனே சார்னு நிப்பாளே, வேலை நிக்குமா? அவ நல்லதுக்குத்தான்.

ஜெசிந்தா மேடம் நேரா பிரின்சிபால்கிட்ட போயிட்டாங்க. டேப்லெட்ல இருந்த ஃபோட்டோ எல்லாத்தையும் சுவத்துல பெருசா போட்டுக் காட்டியிருக்காங்க. பிரின்சிபால் என்னைக் கூப்பிட்டு, மெதுவா, "தளவாய் சார், எதுக்கு வம்பு? நீங்களே ஒருக்கா அளந்து காட்டிருங்களேன். உங்க கையால அளந்தா பிள்ளைங்க வாயடைச்சுப் போயிருவாங்க"ன்னாரு. நானும் சரின்னுட்டேன். எனக்கு என்ன பயம்?

போன வாரம் புதன்கிழமை. காலையில எட்டு மணி. ஒரு கிளாஸே கேட் பக்கத்துல கூடி நிக்குது, ஆளுக்கொரு டேப்லெட், செல்போன். திருவிழா மாதிரி. நான் ஸ்டாண்டை விரிச்சேன், கருவியை மேல மாட்டினேன். கீழ மூணு திருகு இருக்கும், அதைத் திருகி நீர்க்குமிழியை நடுவுக்குக் கொண்டு வரணும். அரை நிமிஷ வேலை. வர மாட்டேங்குது. இந்தப் பக்கம் திருகினா அந்தப் பக்கம் ஓடுது சவம். ஒம்பது பத்து வருஷமா பசங்கதான் வைக்காங்க, நான் நிழல்ல நாற்காலி போட்டு மேற்பார்வை பாப்பேன். கை மறந்திருக்கு, வேற என்ன? பின்னாடி எவனாவது பேசியிருந்தாக் கூடத் திட்டியிருப்பேன்.

அப்ப அந்த முப்புடாதி வந்தா. ஒரே ஒரு திருகை லேசாத் திருப்பினா, குமிழி நடுவுல வந்து உக்காந்துட்டு. திருப்பிட்டு ரெண்டடி தள்ளிப் போய் நின்னுக்கிட்டா. இதைவிட ஒரு மனுஷனை எப்படி அவமானப்படுத்த முடியும் அண்ணாச்சி? நான் கத்திட்டேன். "யாரு உன்னையத் தொடச் சொன்னா? உங்கப்பன் வீட்டுக் கருவியா?"ன்னேன். பிரின்சிபால், "சார், சார்"ங்காரு. அவ கண்ணுல தண்ணி நிக்குது, ஆனா வெளிய விழலை. பிடிவாதக்காரி.

அளந்தேன். பதினாலு இடத்துலயும் நானே படிச்சேன். நான் படிக்கப் படிக்க ஒருத்தன் அதே குழாய்ல ஃபோட்டோ எடுத்துக்கிட்டே வாறான். ஹாஸ்டல் பின்னாடி போய் முடிச்சா 62.40. எனக்கும் 62.40! எல்லாரும் என் மூஞ்சியைப் பாக்காங்க. நான் விடுவேனா? அம்பது செல்போன் சுத்தி நின்னா கருவி எப்படி ஒழுங்காக் காட்டும்? செல்போனுக்குள்ள காந்தம் இருக்கா இல்லையா? காந்தம் பட்டா கருவி கோட்டி பிடிச்ச மாதிரிதான் காட்டும்னு அங்கேயே சொல்லிட்டேன். "காந்தத்துக்கு நாப்பது சென்டிமீட்டரா சார்?"னு பின்னாடி எவனோ கேட்டான், ஒரே சிரிப்பு. வாத்தியாரைப் பாத்துச் சிரிக்கிற காலேஜ்ல மகளைச் சேப்பீங்களா நீங்க?

பிரின்சிபால் அப்புறம் ஒரு சமாதானம் பேசினாரு. அந்தப் பிள்ளை எனக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதணும், நான் மார்க்கைத் திருத்தணும். போகட்டும்னு ஒத்துக்கிட்டேன். பெரிய மனுஷன் இறங்கி வாறது வழக்கம்தானே. கடிதமும் வந்துச்சு. இந்தா, பையிலதான் இருக்கு, நீங்களே பாருங்க. நல்லா சத்தமாப் படிங்க.

"மதிப்பிற்குரிய ஐயா, முகாமில் தங்களை எதிர்த்துப் பேசியதற்கும், அனுமதி இல்லாமல் கருவியைத் தொட்டதற்கும் என்னை மன்னிக்கவும். இனி இவ்வாறு நடக்காது. ஹாஸ்டல் கல் 62.40. இப்படிக்கு, தங்கள் கீழ்ப்படிந்துள்ள மாணவி, ந. முப்புடாதி."

பாத்தியளா! மன்னிப்புக் கடிதத்துல எவளாவது அளவு எழுதுவாளா? ஏன் சிரிக்கீங்க? எனக்கு அப்படியே உடம்பெல்லாம் பத்திக்கிட்டு வந்துச்சு. பிரின்சிபால் மேசையில வீசிட்டு வந்துருக்கணும். அவரும் அதைப் படிச்சுட்டு, "மன்னிப்பு கேட்டிருக்காளே சார், அது போதாதா?"ங்காரு. போதாது. எனக்குப் போதாது.

தேவர்குளமா இது? சரி.

இப்ப விஷயத்துக்கு வாறேன். மார்க்கைத் திருத்தி ஏத்துததுக்கு இன்னிக்கு அஞ்சு மணியோட கடைசி. அஞ்சு மணிக்கு மேல போனா அடுத்த வருஷம்தான். முன்ன மாதிரி பேப்பர்ல கையெழுத்துக் கிடையாது. கம்ப்யூட்டர்ல மார்க்கைப் போட்டா, என் செல்போனுக்கு ஒரு ஆறு நம்பர் வரும். அதை நான் சொன்னாத்தான் மார்க் ஏறும். வேற ஒருத்தராலயும் முடியாது. எந்தச் செல்போனை வச்சு என்னைச் சுத்தி நின்னு சிரிச்சாங்களோ, இப்ப அதைக் கையில வச்சுக்கிட்டு நான் சிரிக்கேன். மத்தியானம் சாப்பிட்டேன், அரை நாள் லீவு எழுதினேன், பஸ் ஏறிட்டேன். யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லலை.

இந்தா, கேட்டியளா? பைக்குள்ள அடிக்குது. மூணரை மணியில இருந்து இதான். இது பிரின்சிபால். அதுக்கு முன்னால ஜெசிந்தா மேடம் எட்டு தடவை. நடுவுல தெரியாத நம்பர் ஒண்ணு, அது அந்தப் பிள்ளையாத்தான் இருக்கும், இல்லாட்டி அவ அம்மாவா இருக்கும். மொத்தம் பத்தொம்போது தடவை, எண்ணிக்கிட்டுத்தான் வாறேன். எடுக்க மாட்டேன். அடிக்கட்டும். நல்லா அடிக்கட்டும். சைலண்ட்லயும் போட மாட்டேன். இருபத்திரண்டு வருஷத்துல இந்தக் காலேஜ் என்னை இத்தனை தடவை கூப்பிட்டதே கிடையாது அண்ணாச்சி.

எடுத்து நம்பரைச் சொல்லிருங்கங்கீங்களா? நீங்களுமா? உங்க மகளா இருந்தான்னு கேக்காதீங்க. உங்க மகளா இருந்தா முதல்லயே எழுதிக் குடுத்திருப்பா. சரி, சரி, கோவிச்சுக்கிடாதீங்க. நான் ஒண்ணும் ராட்சசன் இல்ல. ஜெசிந்தா மேடம் ஒரு வார்த்தை, "தளவாய் சார், நீங்க போட்ட கல்லு சரிதான்"னு சொல்லட்டும். டிபார்ட்மென்ட் முன்னாடி சொல்லட்டும். அந்த நிமிஷமே நம்பரைக் குடுத்துருதேன். நாலே முக்கால்தானே ஆகுது, இன்னும் நேரம் இருக்கு.

மறுபடியும் அடிக்குது. இருபது.

பனவடலிசத்திரம் வந்துட்டு. நாலு அம்பத்தஞ்சு. இப்ப அங்க எல்லாரும் ஆபீஸ் ரூம்ல கூடி நிப்பாங்க. அந்தப் பிள்ளை வாசல்ல நிக்கும். பிரின்சிபால் கையைப் பிசைவாரு. நிக்கட்டும். ஒரு ஆளு இல்லாட்டி என்ன ஆகும்னு இன்னிக்குத் தெரியட்டும்.

என்னது, மெசேஜா? இருங்க பாக்கேன். யுனிவர்சிட்டியில இருந்து வந்திருக்கு. சர்வே கேம்ப்... தேர்வாளர் மாற்றம்... கல்லூரி முதல்வரின் வேண்டுகோளின்படி தங்கள் பெயர் நீக்கப்பட்டு... ஜெசிந்தா... மதிப்பெண் பதிவு நிறைவு பெற்றது. நேரம் நாலு அம்பத்தாறு.

இது என்ன? என்னைக் கேக்காம எப்படி மாத்துவாங்க? பேரை மாத்தலாம்னு எவனும் என்கிட்ட சொல்லலையே! அந்த அம்மா செல்போனுக்கு நம்பரை வரவச்சு ஏத்திட்டாங்களா? இருங்க, டிபார்ட்மென்ட் வாட்சப் குரூப்ல ஏதாவது போட்டிருப்பாங்க. ஆமா. முப்புடாதி, தொண்ணூத்தாறு. கீழ எல்லாரும் கை தட்டுத பொம்மையாப் போட்டு வச்சிருக்கான். அந்தப் பதினோரு குரூப்பும் போட்டிருக்கு. நான் எழுபத்தஞ்சு போட்ட பயலுங்க.

சரி போகட்டும். சவத்த விடுங்க. எனக்கென்ன வந்துச்சு? நாளைக்கு அவங்களே கூப்பிடுவாங்க. இன்னிக்கே கூப்பிடுவாங்க, பாருங்க. மார்க் ஏத்தினது முறையான்னு நான் கேட்டா பதில் சொல்லணும்லா? அதுக்காவது கூப்பிடணும். பிரின்சிபால் கூப்பிடுவாரு. வருத்தமா இருக்குன்னு சொல்லுவாரு. நான் உடனே எடுக்க மாட்டேன், ரெண்டு தடவை அடிக்க விட்டுட்டுத்தான் எடுப்பேன்.

சங்கரன்கோவில் வந்துட்டுதா? நீங்க இறங்கணும்லா. அஞ்சே கால் ஆச்சு. ஒருத்தரும் கூப்பிடலையே. இருபதோட நின்னு போச்சு.

அண்ணாச்சி, ஒரு உதவி. இறங்குததுக்கு முன்னால உங்க போன்ல இருந்து என் நம்பருக்கு ஒருக்கா அடிச்சுப் பாருங்களேன். டவர் இல்லையோ என்னவோ. நம்பர் சொல்லுதேன், போடுங்க.

ம்... அடிக்குது. நல்லாத்தான் அடிக்குது.

கொஞ்சம் இருங்க, கட் பண்ணாதீங்க. இன்னும் ரெண்டு தடவை அடிக்கட்டும்.